'சும்மா விசாரணைக்குத்தான்' என்று கூட்டிப்போனால்: முதல் ஒரு நாளில் வீட்டார் செய்ய வேண்டியவை

நான் வழக்குரைஞராகப் பதிவு செய்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கொத்தனாரின் மனைவி என் சீனியர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மோட்டார் திருட்டு என்று சொல்லிக் கணவரை வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூட்டிப்போய்விட்டார்கள். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்று சொன்னதை நம்பி இரண்டு நாள் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அன்று மாலை ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் கொண்டு வந்தபோது அந்தக் கணவரால் பாதத்தை ஊன்றி நிற்க முடியவில்லை. கைதுக் குறிப்பில் எழுதியிருந்தது: ஞாயிறு பிற்பகல் 3 மணி, பேருந்து நிலையம் அருகே, சந்தேகத்துக்கு இடமாக நின்றபோது.

வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "சாயங்காலப் பால் ஊத்திட்டுப் போனப்புறம்" என்றார். எந்த வண்டி? தெரியாது. யார் வந்தது? தெரியாது. யாரிடமாவது போனில் சொன்னீர்களா? இல்லை. நீதிமன்றத்தின் முன் வைக்க எங்களிடம் எதுவுமே இல்லை. அந்த வழக்கில் நாங்கள் தோற்றோம். அவர் இப்போதும் சாரத்தில் ஏறுவதில்லை, கீழே நின்றுதான் வேலை பார்க்கிறார்.

அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு வழக்கும் எனக்கு இதையேதான் காட்டியது. எழுத்தில் இல்லாத நேரத்தில்தான் அடி விழுகிறது. வீட்டிலிருந்து கூட்டிப்போன நேரத்துக்கும் காகிதத்தில் 'கைது' என்று எழுதும் நேரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அதை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குவதுதான் வீட்டாரின் வேலை. இந்தியாவில் சித்திரவதைக்கென்று தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டோம், ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று மறுபடியும் பரிந்துரைத்தது. அது வரும்வரை நாம் உட்கார்ந்திருக்க முடியாது. கையில் இருக்கிற சட்டங்களே கொஞ்சம் வலுவானவைதான். நேரத்தோடு பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

வாசலில் வந்து நிற்கும்போது

தடுக்காதீர்கள், இழுபறி செய்யாதீர்கள். 'அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுத்தார்' என்று உங்கள் மீதே ஒரு வழக்கு வந்து சேரும். அமைதியாகக் கேளுங்கள்: "சார், எந்த ஸ்டேஷன்? எந்தக் கேஸ் விஷயமா? உங்க பேரு?" பதில் வராவிட்டாலும் கேட்டது கேட்டதுதான். வண்டி எண்ணைப் பாருங்கள். மஃப்டியில் வந்தால், நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் வந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர், அழைத்துப் போகும்போது நம் ஆள் என்ன சட்டை போட்டிருந்தார், உடம்பில் ஏற்கெனவே காயம் ஏதும் இருந்ததா என்பதெல்லாம் பின்னால் தேவைப்படும்.

விசாரணை என்ற பெயரில் எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. சாட்சியாக விசாரிப்பதானால் பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், உடல் ஊனமோ மனநலக் குறைவோ உள்ளவர்கள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் சட்டத்தின் 179ஆவது பிரிவு. பெண்ணைப் பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் கைது செய்யக்கூடாது. தவிர்க்கவே முடியாது என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்ய வேண்டும். கைது தேவைப்படாத வழக்குகளில் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். "நோட்டீஸ் குடுங்க சார், நாங்களே கூட்டிட்டு வர்றோம்" என்று பணிவாகச் சொல்லலாம். பல சமயம் பலிக்காது. ஆனால் பலித்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டி கிளம்பியதும், முதல் பத்து நிமிடம்

வண்டியின் பின்னால் ஒருவர் போகட்டும், வீட்டில் ஒருவர் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர் உடனே கைப்பேசியை எடுத்து உறவினர் இரண்டு பேருக்காவது வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்ப வேண்டும். எழுத வராதவர் குரல் செய்தி அனுப்பலாம். "இன்னிக்கு ராத்திரி 7.10க்கு நாலு பேர் வந்து தம்பியக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க, இன்ன ஸ்டேஷன்னு சொன்னாங்க" என்ற அளவு போதும். செய்தி போன நேரம் அதிலேயே பதிவாகிவிடும். அடுத்து 100க்கோ 112க்கோ கூப்பிட்டு அதையே சொல்லுங்கள். கட்டுப்பாட்டு அறையில் அந்த அழைப்பு பதிவாகும்.

என் சீனியர் காலத்தில் இதற்குத் தந்தி அடிப்பார்கள். தந்தி அலுவலக முத்திரையில் தேதியும் நேரமும் இருக்கும். 'என் கணவரை இன்ன நேரத்தில் பிடித்துப்போனார்கள், உயிருக்கு ஆபத்து' என்று எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அடித்த தந்தி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபோது பெரியவர் உண்மையிலேயே கலங்கிவிட்டார். இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் நாலு வரி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அதையே ஸ்பீடு போஸ்ட்டில் மாஜிஸ்திரேட்டுக்கும் சேர்த்து அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குரைஞர் இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள். அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். இலவசம். காவலில் இருக்கும் யாருக்கும் அவர்கள் வழக்குரைஞர் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

ஸ்டேஷனில்

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. கட்சிக்காரரையும் ஊர்ப் பெரியவரையும் தேடி அலைந்து நேரத்தை விடாதீர்கள். முதலில் போய் நில்லுங்கள், அவர்கள் பின்னால் வரட்டும்.

"இங்க யாரையும் கொண்டு வரலையேம்மா, போங்க" என்பார்கள். அப்படிச் சொன்னால் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வெளியே வந்து, எதிரே இருக்கும் டீக்கடையில் உட்காருங்கள். ஸ்டேஷன் பெயர்ப்பலகையும் கூட்டி வந்த வண்டியும் தெரிகிற மாதிரி ரோட்டிலிருந்து ஒரு படம் எடுங்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கில் அக்கா ஒருவர் ஊரிலிருந்து வந்த பேருந்து டிக்கெட்டையும் டீக்கடையில் ஜி-பே செய்த மூன்று பில்லையும் பத்திரமாக வைத்திருந்தார். வியாழன் இரவு 9 மணியிலிருந்து வெள்ளி காலை 6 மணிவரை அவர் அங்கேயே இருந்தார் என்பதை அவைதான் காட்டின. தம்பியை வெள்ளி மதியம்தான் பிடித்தோம் என்ற கதை அங்கேயே உடைந்தது.

"அரெஸ்ட் இல்லை, சும்மா விசாரணை" என்பது இன்னொரு பதில். அப்படியானால் அவர் எழுந்து வீட்டுக்கு வரலாம், அதைத் தடுத்தால் அது காவல்தான். 1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த 11 கட்டளைகள் கைதுக்கு மட்டும் என்று இல்லை, பிடித்து வைத்தாலே பொருந்தும். பிடிப்பவர் பெயரும் பதவியும் தெரியும்படி வில்லை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் எழுதி, குடும்பத்தினரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவர் கேட்டால் அப்போதே உடம்பைச் சோதித்து, இருக்கும் சிறிய பெரிய காயங்களை எழுதி, அவரும் அதிகாரியும் கையெழுத்திட வேண்டும். காவலில் இருக்கும் ஒவ்வொரு 48 மணி நேரத்துக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். விசாரணையின்போது வழக்குரைஞரைச் சந்திக்கலாம், முழு நேரமும் உடன் இருக்க முடியாவிட்டாலும். இந்த வழக்கு தொடங்கியது ஒரு கடிதத்தில். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்தி வந்த டி.கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை இணைத்து 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் அது.

புதிய சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, கைதானவர்களின் பெயர் முகவரியைப் பராமரிக்க ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) பதவிக்குக் குறையாத ஒரு காவல் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும், அந்த விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். "அந்த அதிகாரி யாரு சார்?" என்று கேளுங்கள். சட்டம் தெரிந்த வீடு என்ற எண்ணம் வந்தாலே கை கொஞ்சம் தயங்கும்.

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளே இருப்பவரைப் பார்க்க விட்டால், "எதுலயும் படிக்காம கையெழுத்துப் போடாதே, மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டு போறப்ப நடந்ததைச் சொல்லு, நாங்க அங்க இருப்போம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய தெம்பு.

தனிப்படை பிடித்திருந்தால் ஸ்டேஷனுக்கே கொண்டு வராமலும் இருக்கலாம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமாருக்கு அதுதான் நடந்தது. நகை காணாமல் போனதாக ஒரு புகார். விசாரணை என்று கூட்டிப்போய் அடித்தே கொன்றார்கள். 27 வயது. கோயிலுக்குப் பின்புறம் அவரை அடித்ததை ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் எடுத்த சில விநாடிக் காட்சிதான் வழக்கின் போக்கையே மாற்றியது. ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அதற்கும் நீங்கள் முதல் பத்து நிமிடத்தில் அனுப்பிய செய்திதான் ஆதாரம்.

திருட்டு வழக்கில் ஏன் இவ்வளவு அடிக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கிடைத்துவிட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதனால் நகையைக் கண்ணில் காட்டும்வரை அடி நிற்பதில்லை. எடுக்காதவன் எதைக் காட்டுவான்? உண்மையைச் சொன்னவனைவிட உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவன்தான் அதிகம் அடிபடுகிறான். இதை எத்தனையோ பேர் உடம்பில் பார்த்துவிட்டேன்.

மருத்துவர், மாஜிஸ்திரேட், சிறை

சாத்தான்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குள் போனார்கள். மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள், சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள், ரிமாண்ட் ஆனது. கோவில்பட்டி கிளைச்சிறை ஏற்றுக்கொண்டது. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி காலை அப்பா இறந்தார். அடித்தவர்கள் காவலர்கள். ஆனால் இடையில் மூன்று கதவுகள் இருந்தன. மூன்றில் ஒன்று திறந்து "இவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தால்கூட இரண்டு பேரும் பிழைத்திருக்கலாம். ஆகவே நம் ஆள் அந்த ஒவ்வொரு கதவிலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், நாம் ஒவ்வொரு கதவின் வெளியிலும் நிற்க வேண்டும்.

ஜி.ஹெச்.சில் பணி மருத்துவரிடம் யார், எதனால், எங்கே அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி மிரட்டியிருப்பார்கள். குடும்பத்தார் அங்கே இருந்தால் நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள்: "டாக்டர், உள்ளங்காலைப் பாருங்க, முதுகைப் பாருங்க, சட்டையைக் கழற்றிப் பாருங்க." காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் மருத்துவர் எழுத வேண்டும், அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். இது அதே புதிய சட்டத்தின் 53ஆவது பிரிவு. வெளியே வந்தபின் மருத்துவமனையில் சேர்த்தால் ஏ.ஆர். காப்பியை, அதாவது காயங்களை எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலை, கேட்டு வாங்குங்கள். நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். காவலரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பார்த்து எழுதிய ஒரு பெண் மருத்துவரை நான் மறக்கவே மாட்டேன்.

24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அவர் வீட்டுக்கே கூட்டிப்போவார்கள். எங்கே, எப்போது என்று வழக்குரைஞர் மூலம் விசாரித்து அங்கே போய்விடுங்கள். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். நம் ஆள் பின்னால் நிற்கும் காவலரைத் திரும்பிப் பார்த்துவிட்டு "இல்லைங்கய்யா" என்பார். இந்த ஒரு சொல்லால் செத்துப்போன வழக்குகளை எண்ணி முடியாது. அதனால் வழக்குரைஞர் அங்கேயே எழுத்தில் மனு கொடுக்க வேண்டும்: காயம் இருக்கிறது, பதிவு செய்யுங்கள், மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடுங்கள் என்று. வழக்குரைஞர் வரவில்லையென்றால் அம்மாவோ மனைவியோ கைகூப்பி நின்று வாய்விட்டுச் சொல்லலாம். நாகரிகக் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சிறை வாசலிலும் உள்ளே எடுக்கும்போது காயங்களைக் குறிப்பார்கள். அங்கேயும் சொல்லச் சொல்லுங்கள். சிறையில் பார்க்க மனு போடும் முதல் வாய்ப்பிலேயே போய்ப் பாருங்கள்.

உடம்பும் துணியும் கேமராவும்

ஜாமீனில் வந்ததும் படம் எடுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள். கன்றிய காயத்தின் நிறம் நாளுக்கு நாள் மாறும், சில இடங்களில் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவே வரும். பக்கத்தில் ஸ்கேலோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்து, முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம், காயத்தை நெருங்கி ஒரு படம். ரத்தம் பட்ட கைலியையும் சட்டையையும் துவைக்காதீர்கள். அம்மாக்கள் முதலில் செய்வதே அதுதான், பார்க்கப் பொறுக்காமல் ஊற வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி, மேலே தேதி எழுதி வையுங்கள்.

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், வராந்தா என எங்கும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அன்று உண்மையைச் சொன்னது கேமரா இல்லை, தலைமைக் காவலர் ரேவதி. தன் சகாக்கள் சுற்றி நிற்கும்போதே மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். ஆகவே கேமராவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் நீதிமன்றத்துக்கும் மனு கொடுங்கள். எதிர்க்கடை, பெட்ரோல் பங்க் கேமராக்கள் சீக்கிரமே அழிந்துவிடும். அவற்றை நீங்களே போய்க் கேளுங்கள்.

புகார்

ஸ்டேஷனில் வாங்க மாட்டார்கள். எஸ்.பி.க்குப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின் கீழ் அனுப்புங்கள், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். வாக்குமூலம் வாங்க அடிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவில் தனிக் குற்றம். 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை தண்டனை. மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, ஆனால் ஓராண்டுக்குள் எழுத வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் சொல்லியிருக்கிறது.

உயிரே போய்விட்டால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உடலை முன்னும் பின்னும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒடிசாவில் நீலாபதி பெஹெரா என்ற தாய் 1988இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். காவலில் இருந்த 22 வயது மகன் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான், தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றார்கள். நீதிமன்றம் அதை நம்பவில்லை. 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் தரச் சொன்னது. காவல் சாவுகளுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று இன்று நாம் வாதாடுவது அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான்.

பேசி முடிக்க ஆள் வருவார்கள். தெரிந்தவராகத்தான் இருப்பார், ஒரு தொகையும் சொல்வார், "அவங்க புள்ளகுட்டிக்காரங்க" என்பார். உங்கள் வறுமை எனக்குத் தெரியும், வாங்கியவர்களை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்று இரவே பதில் சொல்லாதீர்கள், வழக்குரைஞரிடம் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீண்ட காலம் ஆகும் என்பது உண்மை. சந்தனக்கட்டை சோதனை என்று வந்த வனத்துறை, காவல்துறையினரின் வன்முறைக்கு ஆளான வாச்சாத்தி கிராம மக்கள் 1992இலிருந்து 2011வரை காத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி அத்தனை பேருக்கும் தண்டனை வந்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இன்னொன்று. கையில் மாவுக்கட்டோடு ஒருவர் நிற்கும் படம் உங்கள் குரூப்பில் வரும், 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று சிரிப்புப் பொம்மையோடு. அதை அனுப்பாதீர்கள். அந்தக் கொத்தனாரைப் பற்றியும் அன்று ஊரில் அப்படித்தான் பேசிச் சிரித்தார்கள்.

உங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரின் அட்டையில் இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்: 100, 112, 15100, தெரிந்த ஒரு வழக்குரைஞரின் எண், மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தின் எண்ணும் மின்னஞ்சலும். பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். யாராவது வந்து யாரையாவது கூட்டிப்போனால், அந்த நாள் தாளிலேயே மணியை எழுதச் சொல்லுங்கள், மறுநாள் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தா மட்டும் வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.